அட்சரகணிதம் மட்டும் ஏன் பிள்ளைக்கு ஏறமாட்டேன் என்கிறது?

கேள்வி இது: "என் மகன் தரம் 9. மற்றப் பாடங்கள் எல்லாம் நன்றாகச் செய்கிறான், அட்சரகணிதம் வந்தால் மட்டும் பேனையை வைத்துவிடுகிறான். இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் யாராவது, உங்களுக்கு அது எப்படி விளங்கியது என்று சொல்வீர்களா?"

நான் இலங்கையின் கிழக்கில் சம்மாந்துறை. 2024ஆம் ஆண்டுக்கான ஓ.எல். (தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப்) பரீட்சையை 2025 மார்ச்சில் எழுதிவிட்டு இப்போது ஏ.எல். (உயர்தர) வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். கணக்கில் புலி எல்லாம் கிடையாது, ஓ.எல். கணிதத்தில் பி. அதனால்தான் பதில் எழுதலாம் என்று தோன்றியது. ஏ எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், "செய்யச் செய்ய வரும்" என்பார்கள், அவ்வளவுதான். அது அவர்களுக்கு எப்போது வந்தது, எப்படி வந்தது என்று அவர்களுக்கே ஞாபகம் இருக்காது. எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது, அதனால் எந்த இடத்தில் தடக்கியது என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. (தமிழ்நாட்டுக்காரர்கள் வாசித்தால்: நீங்கள் இயற்கணிதம் என்பதை எங்கள் பாடநூலில் அட்சரகணிதம் என்போம்.)

எனக்குத் தெரிந்தவரை, பிள்ளைகள் பேனையை வைக்கும் காரணம் இதுதான்: ஒரே எழுத்து நாலைந்து விதமான வேலை செய்கிறது, இந்தக் கணக்கில் அது எந்த வேலைக்கு வந்திருக்கிறது என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

எக்ஸ் கூட்டல் 7 சமன் 12 என்றால் எக்ஸ் ஒளிந்துகொண்டிருக்கும் ஒரு எண். தேடிப் பிடித்தால் 5, கணக்கு முடிந்தது. தரம் 7இல் இதுதான் தருவார்கள், எல்லோருக்கும் பிடிக்கும், புதிர் மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு நாள் பலகையில் ஏ கூட்டல் பி முழுவதன் வர்க்கம் என்று எழுதி அதை விரிக்கச் சொல்வார்கள். பிள்ளை பழைய ஞாபகத்தில் "ஏ எவ்வளவு சேர்?" என்று கேட்கும். சேர் சிரிப்பார், வகுப்பும் சிரிக்கும், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு கேள்வியே கேட்காது. ஆனால் அது நல்ல கேள்வி. இங்கே ஏ என்பது தேட வேண்டிய எண் இல்லை, எந்த எண்ணைப் போட்டாலும் இது சரியாக வரும் என்று சொல்வதற்காக நிற்கிற எழுத்து. வரைபு என்று இன்னொரு பாடம் வரும், வை சமன் 2எக்ஸ் கூட்டல் 1. அங்கே எக்ஸ் ஒளியவும் இல்லை, சும்மா நிற்கவும் இல்லை, நடந்துகொண்டே இருக்கிறது, அது நடக்க நடக்க வையும் கூடவே ஏறுகிறது. அதே பாடத்தில் வை சமன் எம்எக்ஸ் கூட்டல் சி என்று எழுதுவார்கள். நான்கு எழுத்து, அதில் இரண்டு நடக்கும், இரண்டு அந்தக் கோட்டுக்கு மட்டும் நிலையாக நிற்கும். எம் படித்திறன் (கோட்டின் சரிவு), சி வெட்டுத்துண்டு (கோடு வை அச்சை வெட்டுகிற இடம்) என்று பாடமாக்குவோம். எம்மும் எக்ஸும் ஒரே சாதி எழுத்து இல்லை என்று ஒருவர் ஒரு நிமிடம் நின்று சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

இதோடு சேர்த்து எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் நடந்தது. அட்சரகணிதத்தின் அத்திவாரம் போடுகிற தரம் 7இல்தான் நாங்கள் இருந்தோம், 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தரம் 8உம் பாதி வீட்டில். வீட்டில் ஒரு போன், அதில் நானாவுக்கு (அண்ணாவுக்கு) ஏ.எல். வகுப்பு, எனக்கு வாட்ஸ்அப்பில் வருகிற பாடத்தாள், டேட்டா முடிந்தால் இரண்டுமே இல்லை. வரலாற்றையோ புவியியலையோ பிறகு வாசித்துப் பிடிக்கலாம், பாடம் ஒன்றை விட்டாலும் அடுத்த பாடம் விளங்கும். கணக்கு அப்படி விடாது. 2022இல் எரிபொருள் இல்லாமல் திரும்பவும் பள்ளிக்கூடம் விட்டு விட்டு நடந்தது. தரம் 10க்கு வந்து ஈருறுப்புக் கோவை, அட்சரகணிதப் பின்னம் என்று போகும்போது, வகுப்பில் பாதிப் பேருக்கு அடைப்புக்குறிக்கு முன்னால் சய (கழித்தல்) அடையாளம் வந்தால் என்ன செய்வது என்றே தெரியாது. 3 சய 2(எக்ஸ் சய 5) என்பதை விரித்தால் கடைசியில் சக (கூட்டல்) 10 வர வேண்டும், முக்கால்வாசிப் பேர் சய 10 எழுதுவார்கள். சயவைச் சயவால் பெருக்கினால் சக என்று பாட்டாகப் படித்திருப்போம், ஏன் என்று கேட்டால் தெரியாது. ஏன் என்பது உண்மையில் சின்ன விஷயம்: சய 3ஐ 2ஆல் பெருக்கினால் சய 6, 1ஆல் பெருக்கினால் சய 3, 0ஆல் பெருக்கினால் 0. ஒவ்வொரு படிக்கும் 3 கூடிக்கொண்டு வருகிறது. அடுத்த படி சய 1ஆல் பெருக்குவது. அங்கே மட்டும் வரிசை உடையக் கூடாது என்றால் சக 3 வந்துதானே ஆக வேண்டும்? இதை யாராவது தரம் 7இலேயே சொல்லியிருக்கலாம்.

சரி, எனக்கு எப்படி விளங்கியது? சொன்னால் நம்பமாட்டீர்கள், தமிழ் வகுப்பில்.

ஓ.எல்.லுக்கு ஆறு கட்டாயப் பாடம், மூன்று தொகுதிப் பாடம். அழகியல் பாடங்கள் இருக்கிற தொகுதியில் சித்திரமும் வராது, சங்கீதமும் வராது என்று தமிழ் இலக்கிய நயம் எடுத்தேன். அங்கே டீச்சர் ஒரு நாள் கொஞ்சம் பாடத்தைத் தாண்டிப் போய் யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், சொல்லித் தந்தார். அசை என்பது சீரின் துண்டு: குறிலோ நெடிலோ தனித்து வந்தால் நேர், குறிலோடு இன்னொன்று இணைந்து வந்தால் நிரை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். பிறகு பலகையில் ஒரு குறளை எழுதி அசை பிரித்து அலகிட்டார். "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக." கற்க தேமா. கசடற கருவிளம். கற்பவை கூவிளம், கற்றபின் கூவிளம். நிற்க தேமா. அதற்கு புளிமா. தக என்பது கடைசிச் சீர், ஒரே ஒரு நிரை அசை என்பதால் மலர். ஒரே குறளில் நாலு வாய்பாடும் வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், "டீச்சர், குறளில் மாங்காயும் இல்லை, விளாங்காயும் இல்லையே, பிறகு எதற்கு இந்தப் பேர்?" டீச்சர் சொன்னார், அது எந்தச் சொல்லுக்கும் போடுகிற அடையாளம், "கற்க" வந்தாலும் தேமா, "நிற்க" வந்தாலும் தேமா, சொல்லைப் பார்க்காதே, அசை எப்படி அடுக்கியிருக்கிறது என்று மட்டும் பார். அப்புறம் விதியைச் சொன்னார்: வெண்பாவில் (குறளும் வெண்பாதான்) மா முன் நிரை வர வேண்டும், விளம் முன் நேர் வர வேண்டும். மேலே உள்ள குறளில் போட்டுப் பார்த்தோம். கற்க மாவில் முடிகிறது, அடுத்து கசடற நிரையில் தொடங்குகிறது. கசடற விளத்தில் முடிகிறது, அடுத்து கற்பவை நேரில் தொடங்குகிறது. கடைசி வரைக்கும் பிசகவில்லை.

எனக்கு அந்த இடத்தில்தான் ஏ கூட்டல் பி ஞாபகம் வந்தது. தேமா எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். தேமாவைக் "கண்டுபிடி" என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது ஒரு இடம், அதில் பொருந்துகிற எந்தச் சொல்லும் வந்து உட்காரலாம், ஆனால் விதி எல்லாவற்றுக்கும் ஒன்று. வள்ளுவர் 1330 குறள் எழுதினார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி சொல்லித் திரிய முடியாது, அதனால் சொற்களை எடுத்துவிட்டு தேமா புளிமா என்று அடையாளம் போட்டு ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள் இலக்கணக்காரர்கள். ஏ வர்க்கம் கூட்டல் 2ஏபி கூட்டல் பி வர்க்கமும் அதேதான்: எண்களை எடுத்துவிட்டு வடிவத்தை மட்டும் எழுதியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தரம் 10 கணக்குக் கொப்பியைத் திறந்து, ஏக்கு 3உம் பிக்கு 4உம் போட்டேன், 49 வந்தது இரண்டு பக்கமும். வேறு எண்கள் போட்டேன், திரும்பவும் சரி. இந்தச் சோதனையை நான் முதல் முறையாகச் செய்தது தரம் 11இல் என்பதுதான் ஆச்சரியம். அவ்வளவு காலம் சூத்திரம் என்றால் நம்ப வேண்டியது, சோதிக்கக் கூடியது இல்லை என்ற நினைப்பிலேயே இருந்திருக்கிறேன், என் வகுப்பில் பெரும்பாலானவர்களும் அப்படித்தான்.

உங்கள் மகனுக்கு யாப்பு பிடிக்குமோ தெரியாது. அவனுக்கு வயல் தெரியும் என்றால் இன்னும் லேசு. எங்கள் வாப்பா (அப்பா) இன்னொருவர் காணியில் வேளாண்மை செய்கிறவர். காணிக்காரர் கேட்கிற முறை இரண்டு: ஏக்கருக்கு இத்தனை மூடை என்று கட்டிப்போட்ட குத்தகை, அல்லது விளைச்சலில் பங்கு. உதாரணத்துக்கு ஒருவர் ஏக்கருக்கு 8 மூடை கேட்கிறார், இன்னொருவர் விளைவதில் நாலில் ஒன்று கேட்கிறார் என்று வையுங்கள். எது நல்லம்? வாப்பா உடனே சொல்லுவார், "விளஞ்சா குத்தக நல்லம் மகள், விளையாட்டி பங்குதான் நல்லம்." அது முழுக்கச் சரி, ஆனால் எந்த இடத்தில் ஒன்று மற்றதாக மாறுகிறது? விளைச்சலை எக்ஸ் என்றால், எக்ஸில் நாலில் ஒன்று சமன் 8, அப்போ எக்ஸ் 32. ஏக்கருக்கு 32 மூடைக்கு மேலே விளைந்தால் குத்தகை லாபம், கீழே விழுந்தால் பங்கு லாபம். வரைபில் போட்டால் படுத்த கோடு ஒன்று, ஏறுகிற கோடு ஒன்று, 32இல் வெட்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள், அடுத்து வந்த பெரும்போகத்தில் (மழைக்கால நெல் பருவத்தில்) விளைச்சல் விழுந்தது, எங்கள் பக்கம் கட்டுக்குத்தகைக்கு எடுத்தவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் 8 மூடை 8 மூடைதான்.

இந்த ஒரே கணக்கில் எழுத்தின் வேலைகளில் இரண்டைக் காட்டலாம். வரைபில் எக்ஸ் நடக்கிறது, வெட்டுகிற இடத்தைத் தேடும்போது அதே எக்ஸ் ஒளிந்திருக்கிற எண் ஆகிவிடுகிறது. ஆப்பிளும் தோடம்பழமும் (ஆரஞ்சும்) வாங்குகிற பாடநூல் கணக்கை விட இது எவ்வளவோ மேல். அந்தப் பழக் கணக்கு இன்னொரு கெடுதலும் செய்கிறது: ஏ என்றால் ஆப்பிள் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும், ஆப்பிளின் விலை என்று நினைக்காது. பிறகு ஏபி என்று இரண்டையும் பெருக்கச் சொன்னால் ஆப்பிளைத் தோடம்பழத்தால் எப்படிப் பெருக்குவது என்று முழிக்கும். முழிப்பது நியாயம்தான்.

வர்க்கச் சமன்பாடு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரம் 11இல் நிறையப் பேர் அங்கேதான் கைவிடுவார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் மாமியின் மகள், ராத்தா (அக்கா) என்றுதான் கூப்பிடுவேன், அவர் எனக்குச் சூத்திரமே இல்லாமல் படத்தில் காட்டினார். எக்ஸ் வர்க்கம் கூட்டல் 10எக்ஸ் சமன் 39. எக்ஸ் பக்கமுள்ள சதுரம் ஒன்று கீறுங்கள். 10எக்ஸை இரண்டாகப் பிரித்து, அகலம் 5, நீளம் எக்ஸ் என்று இரண்டு செவ்வகம், ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கம் ஒட்டுங்கள், மற்றதைக் கீழே ஒட்டுங்கள். இவ்வளவுக்கும் சேர்த்துப் பரப்பளவு 39. படத்தைப் பார்த்தால் ஒரு மூலை மட்டும் காணாது, 5க்கு 5, அதாவது 25. அதை நிரப்பினால் பெரிய சதுரம் முழுமையாகிவிடும், பரப்பளவு 64, பக்கம் 8. எக்ஸ் கூட்டல் 5 சமன் 8, எக்ஸ் 3. இரண்டு பக்கமும் 25ஐக் கூட்டு என்று வகுப்பில் சொன்னபோது அந்த 25 வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தது, இப்போது அது காணாமல் போன மூலை. (சய 13உம் ஒரு விடை. படத்தில் அது வராது, நீளம் சயவாக இருக்க முடியாதல்லவா.)

இந்தக் கணக்கும் படமும் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி எழுதியது, 820ஆம் ஆண்டு வாக்கில், பக்தாதில். அவர் எக்ஸ், வை எதுவும் பாவிக்கவில்லை, "ஒரு வர்க்கமும் அதன் பத்து மூலங்களும் சேர்ந்து முப்பத்தொன்பது" என்கிற மாதிரி எல்லாமே வசனம்தான். எழுத்துகளை ஒழுங்காகப் போட்டு எழுதத் தொடங்கியது 1591இல் பிரான்ஸ்காரர் வியேட்டா, எக்ஸ் வை என்று வழக்கமாக்கியது 1637இல் டேக்கார்ட். இடையில் கிட்டத்தட்ட எண்ணூறு வருடம். பெரிய பெரிய அறிஞர்களுக்கு எண்ணூறு வருடம் எடுத்த விஷயத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பாடவேளையில் கொடுத்துவிட்டு, ஏன் விளங்கவில்லை என்று கேட்கிறோம்.

அல் குவாரிஸ்மியின் அந்த நூலில் பெரிய பகுதி சொத்துப் பிரிப்பது பற்றியது என்று ராத்தா சொன்னதும் எனக்கு இன்னும் பிடித்துவிட்டது. ஒருவர் மனைவியையும் இரண்டு மகன்களையும் மூன்று மகள்களையும் விட்டு மௌத்தாகிறார், காணி 8 ஏக்கர். இஸ்லாமியச் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகளுக்கு ஒரு பங்கு என்றால் மகனுக்கு இரண்டு பங்கு. ஒரு பங்கை எக்ஸ் என்றால் மகள்களுக்கு 3எக்ஸ், மகன்களுக்கு 4எக்ஸ், ஆக 7எக்ஸ் சமன் 7 ஏக்கர். மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒவ்வொன்று, மகனுக்கு இரண்டிரண்டு. எங்கள் பக்கம் வீடுவளவை மகளுக்குக் கல்யாணத்தோடேயே எழுதிக் கொடுத்துவிடுவதால் நடைமுறை வேறு மாதிரிப் போகும், அது தனிக்கதை, இங்கே இழுத்தால் சண்டை வரும்.

மற்றப் பாடங்கள் நன்றாகச் செய்கிறான் என்று சொன்னதால் அவற்றைப் பற்றியும் சுருக்கமாக. விஞ்ஞானத்தில் அட்சரகணிதம் வரும், ஆனால் அங்கே அதை மறைத்துவிடுகிறார்கள். ஓமின் விதிக்கு ஒரு முக்கோணம் கீறி, வேண்டியதைக் கையால் மறைத்தால் விடை வரும் என்று டியூஷனில் காட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பெருக்கல் இருக்கிற சூத்திரத்துக்கு மட்டும்தான் முக்கோணம், நடுவில் ஒரு கூட்டல் வந்ததும் கை எதை மறைப்பது என்று தெரியாமல் நிற்கும். எழுவாய் மாற்றுவதை, அதாவது வேண்டிய எழுத்தைத் தனியாக ஒரு பக்கம் கொண்டுவருவதை, ஒரு முறை ஒழுங்காகப் பழகினால் முக்கோணமே தேவையில்லை. ஐ.சி.டி. (கணினிப் பாடம்) எடுத்த பிள்ளைகள் விரிதாளில் ஏ1, பி1 என்று போட்டுப் பெருக்கும்போது அட்சரகணிதம்தான் செய்கிறார்கள், பெட்டிக்குள் எண்ணை மாற்றினால் விடை தானாக மாறும், யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. ஆங்கிலம், வரலாறு, சமயம் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, நேரம் போட்டால் வரும்.

ஏ.எல். பொருளியலில் திரும்பவும் சந்தித்தேன். கேள்வி (இந்தியாவில் தேவை என்பார்கள்) சமன் 100 சய 2 விலை, நிரம்பல் (அங்கே அளிப்பு) சமன் சய 20 சக 4 விலை. இரண்டையும் சமப்படுத்தினால் விலை 20, அளவு 60. தரம் 11இல் செய்த அதே கணக்கு, எழுத்துக்குப் பதில் விலை. ஆனால் வரைபு கீறும்போது முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது: விலையைப் பொறுத்து அளவு மாறுகிறது என்று சொல்லிவிட்டு விலையை நிலைக்குத்து அச்சில் போடுகிறார்கள், கணிதத்தில் அதைக் கிடை அச்சில் போட்டிருப்போம். 1890இல் பொருளியலாளர் மார்ஷல் தன் நூலில் அப்படிக் கீறினார், உலகம் அப்படியே பழகிவிட்டது. எந்த எழுத்து எங்கே நிற்கிறது என்பது மனிதர்கள் எடுத்த முடிவு, கணக்கின் கட்டளை இல்லை என்று அப்போது தோன்றியது.

இனி உங்கள் மகனுக்கு வருவோம். டியூஷன் ஒன்று கூட்டுவதற்கு முன்னால் அவனிடம் மூன்று கணக்கு கொடுத்துப் பாருங்கள். எக்ஸ் 4 என்றால் 2எக்ஸ் எவ்வளவு? 24 என்று சொன்னால் அவனுக்குத் தரம் 7 பாடம் விடுபட்டிருக்கிறது. 2எக்ஸ் கூட்டல் 3ஐச் சுருக்கு என்றால்? 5எக்ஸ் என்றால் அதே கதை; சுருக்க ஒன்றுமில்லை என்று சொன்னால் நல்ல அறிகுறி. மூன்றாவது, நான் மேலே சொன்ன 3 சய 2(எக்ஸ் சய 5). இதில் எதில் தடக்கினாலும் தரம் 9 புத்தகத்தை மூடி வைத்துவிட்டு தரம் 7, 8 புத்தகங்களுக்குப் போங்கள், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் தமிழ்மொழிப் பாடநூல்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கீழ்த்தரப் புத்தகம் என்று அவன் வெட்கப்படுவான், நண்பர்கள் பார்க்காத நேரம் பார்த்துக் கொடுங்கள். ஒரு கணக்குச் செய்து முடித்ததும் விடையைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள், புத்தகத்தின் கடைசியில் இருக்கிற விடைப் பக்கத்தைப் புரட்ட விடாதீர்கள். அவன் "இதில் எக்ஸ் என்ன செய்கிறது?" என்று கேட்டால் திட்டாதீர்கள். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் இங்கே கீழே எழுதுங்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்கு வகுப்பு இல்லை, பார்த்துப் பதில் போடுகிறேன்.